பல்லக்குத் தண்டும் ஒரு ஜோடிக் கண்ணும்

காட்டூரில் எங்கள் தெருவில் எனக்குக் கவுன்சிலர் அம்மா என்று பெயர். புதிதாகக் குடிவருகிறவர்கள் இதைக் கேட்டுவிட்டு, சாக்கடை அடைத்துக்கொண்டால் நேரே என் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். நான் வார்டு கவுன்சிலர் இல்லை, கண் ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு விளக்கம் சொல்லும் கவுன்சிலராக இருந்து ஓய்வு பெற்றவள் என்பேன். ஒரு நிமிடம் அவர்கள் முகம் வாடும். உடனே தெளிந்துவிடும்.

"அப்ப உங்களையே கேக்கலாமே. பொண்ணு கண்ணாடியை எடுத்துடணும்னு ஒத்தக்கால்ல நிக்குது. லேசர்ல நாலஞ்சு வகை இருக்காமே, அதுல எதுங்க நல்லது?"

இதற்குச் சாக்கடையே தேவலை என்று தோன்றும். எது நல்லது என்ற கேள்விக்கு என்னிடம் பதில் கிடையாது. "பொண்ணு என்ன வேலை பார்க்குது? காலையில எழுந்ததுலேர்ந்து என்ன பண்ணும்?" என்று திருப்பிக் கேட்பேன். சம்பந்தம் பேச வந்தவள் மாதிரி விசாரிக்கிறாளே என்று ஒரு பார்வை பார்ப்பார்கள்.

போன மாதம் ஆஸ்பத்திரியில் என்னோடு வேலை பார்த்த பிள்ளைகள் புது லேசர் மெஷினின் படத்தை வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார்கள். இனி விளக்கம் சொல்ல யாரும் தொண்டை கட்டப் பேச வேண்டாமாம். நோயாளி கையில் டேப்லெட்டைக் கொடுத்துவிட்டால் படம் ஓடிவிடுமாம். நல்லதுதான். கூடவே ஒரு கேள்வியும் கேட்டிருந்தார்கள். "மேடம், நீங்க எல்லார்கிட்டயும் அவங்க தொழிலைத் துருவித் துருவிக் கேப்பீங்களே, ஏன்? எழுதிக் குடுங்களேன்." அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். வரதனைப் பற்றி எழுதினால் போதும், பதில் கிடைத்துவிடும்.

முதலில் என் கண்ணைப் பற்றிக் கொஞ்சம். பள்ளிக்கூட நாளிலிருந்தே சோடாப் புட்டி. கண்ணாடி விற்கிற இடத்திலேயே வேலை பார்ப்பது வசதி என்று எங்கப்பா கேலி செய்வார். கண் பரிசோதனைக்குப் படித்தேன். இருட்டு அறையில் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, முன்னே போட்டது தெளிவா" என்று கேட்டுக்கேட்டே இளமை போயிற்று. எங்கள் ஆஸ்பத்திரிக்கு லேசர் வந்தபோது, வாய் நீளமானவள் என்று என்னை விளக்கம் சொல்லும் மேஜையில் உட்கார வைத்தார்கள். வந்த புதிதில் என் கண்ணையே அந்த மெஷினில் வைத்து அளந்து பார்த்தேன். கருவிழி மெல்லியதாக இருந்ததால் எனக்கு லேசர் ஆகாது என்று வந்தது. எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. காலையில் கண் விழித்ததும் கண்ணாடியைத் தேடாமல் கொஞ்ச நேரம் அப்படியே படுத்திருப்பேன். ஜன்னல் ஒரு வெளிச்சமாக மிதக்கும். வேப்பமரம் பச்சைப் புகையாக அசையும். வாசலில் போகிறவர்களுக்கு முகமோ வயதோ இருக்காது, நிறம் மட்டும் நகர்ந்து போகும். அந்த உலகத்தில் யார் மேலும் எனக்குக் கோபம் வந்ததில்லை. கண்ணாடியைப் போட்ட பிறகுதான் ஒட்டடை தெரியும்.

எங்கள் பெரிய டாக்டரின் பெயர் யூசுப். அவரும் கண்ணாடி போட்டவர்தான். கண்ணாடியை எடுக்க வந்திருக்கும் ஜனங்களுக்கு எங்கள் இருவரையும் பார்த்தால் சந்தேகம் வராமல் இருக்குமா? "நீங்க ஏன் சார் பண்ணிக்கலை?" என்று கேட்டே விடுவார்கள். அவர் வெள்ளைக் கோட்டின் நுனியால் தன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொல்வார். "எனக்கு நாப்பது தாண்டிடுச்சு. என் வேலை எல்லாம் கிட்டத்துல. கிட்டப்பார்வைக்காரன் கண்ணாடியைக் கழட்டினா கிட்டத்துல இருக்கிறது நல்லாத் தெரியும். லேசர் பண்ணிக்கிட்டேன்னா தூரம் தெரியும், படிக்கிறதுக்கு வேற கண்ணாடி வாங்கணும். எதுக்கு?" கைலாசபுரத்திலிருந்து வந்த ஒரு கணக்கு அதிகாரி இதைக் கேட்டுவிட்டு, கையெழுத்துப் போட எடுத்த பேனாவைத் திரும்பச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

டாக்டர் மெதுவாகப் பேசுவார். "பயப்படாதீங்க" என்று மட்டும் சொல்லவே மாட்டார். பயப்படு என்று சொல்வதும் அதுவும் ஒன்றுதான் என்பார். அறுவை அறையில் விளக்கை அணைத்ததும் அவர் குரல் இன்னும் இறங்கிவிடும். எது நடக்கப்போகிறதோ அதை ஒரு மூச்சு முன்னால் சொல்வார். "இப்ப சொட்டு விடுறேன், சில்லுனு இருக்கும்." "இப்ப இமையைப் பிடிச்சுக்க ஒரு கம்பி வைப்பேன், சிமிட்டணும்னு தோணும், சிமிட்ட முடியாது." "இப்ப பச்சை விளக்கு மங்கும். அது மங்கணும். மங்கினாலும் அங்கேயே பாருங்க." லேசர் டக்டக்கென்று தட்டும்போது முடி பொசுங்குகிற மாதிரி ஒரு வாசனை வரும். அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவார். நான் நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். அந்த இருட்டில் டாக்டர் குரலும் அந்த ஒரு பச்சைப் புள்ளியும் தவிர வேறொன்றும் இருக்காது. எத்தனையோ பேர் வெளியே வந்து, தூங்கி எழுந்த மாதிரி இருக்கு மேடம் என்றிருக்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் இருக்கும்.

அவரிடம் இன்னொரு வழக்கம் உண்டு. யார் வந்தாலும் முதல் கேள்வி, "கண்ணாடி இல்லாம என்ன பார்க்கணும்?" துறையூர்ப் பக்கத்திலிருந்து வெங்காயம் போடும் குடும்பத்துப் பெண் ஒருத்தி வந்தாள். ரயில் ஓட்டுகிற வேலைக்கு எழுதப்போகிறேன், சிக்னலைப் பார்க்கணும் என்றாள். லேசர் செய்துகொண்டவர்களை அந்த வேலைக்கு எடுப்பதில்லை என்று டாக்டர் அவளிடம் பக்குவமாகச் சொன்னார். என் மேஜைமேல் தலைவைத்து அழுதாள். விளக்கம் சொல்ல மேஜைமேல் வைத்திருந்த பிளாஸ்டிக் கண் பொம்மை அன்றைக்கு நனைந்தது. கேட்காமல் செய்திருந்தால் அவள் காசும் போய் வேலையும் போய் நின்றிருப்பாள் என்று நினைத்தபோது எனக்கும் அழுகை வந்துவிட்டது.

வரதன் வந்தது ஒரு கார்த்திகை மாதத்தில். ஸ்ரீரங்கத்துக்காரர், முப்பது வயதுக்குள்தான். நெற்றியில் திருமண். மூக்குக்கண்ணாடியின் ஒரு காதில் செப்புக் கம்பி சுற்றியிருந்தது. கூட அவர் அப்பா சம்பத். இருவரும் பெருமாளைத் தோளில் சுமந்து வீதிக்கு எழுந்தருளச் செய்கிறவர்கள். தலைமுறை தலைமுறையாக அதுதான் அவர்கள் குடும்பக் கைங்கர்யம். சம்பத்தின் வலத் தோளில் தண்டு அழுத்தி அழுத்தி ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்குச் சதை தடித்திருந்தது.

"என்ன பார்க்கணும்?" என்றார் டாக்டர்.

"தரை" என்றார் வரதன்.

பவர் மைனஸ் ஐந்து. கண்ணாடி இல்லாவிட்டால் ஒரு சாண் தூரத்துக்கு அப்பால் எல்லாம் புகைதான். தோளில் தண்டு ஏறினால் அது கண்ணாடிச் சட்டத்தின் காதில் இடிக்கும். வியர்வை வழிந்து கண்ணாடி மூக்கில் நிற்காது. கண்ணில் ஒட்டுகிற லென்ஸ் போட்டுப் பார்த்தார், கற்பூரப் புகையில் கண் மிளகாய் மாதிரி சிவந்துவிட்டது. ஆகவே கண்ணாடியைக் கழற்றி மடியில் செருகிக்கொண்டு, பக்கத்துக்காரரின் மூச்சையும் தன் காலையும் நம்பியே சுமந்திருக்கிறார். அவருக்கு இடம் முன் தண்டில். முன்னால் போகிறவர்தான் படியையும் பள்ளத்தையும் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த ஐப்பசியில் ஒரு படியைத் தவறவிட்டார். முழங்கால் மடிந்தது, பல்லக்கு ஒரு பக்கம் சாய்ந்தது, மற்றவர்கள் தாங்கிவிட்டார்கள். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கூடச் சுமப்பவர்கள் ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டார்களாம். கண்ணைச் சரிசெய்துகொண்டு வா, இல்லாவிட்டால் உன் இடத்தைச் சித்தப்பா பிள்ளைக்கு விட்டுவிடு என்று.

"எங்காத்துக்கு எதிராத்துப் பையன் பண்ணிண்டான் டாக்டர்" என்றார் சம்பத். "மறுநாளே ஸ்கூட்டர் ஓட்டிண்டு போறான். அதே இவனுக்கும் பண்ணிடுங்கோ. வைகுண்ட ஏகாதசிக்கு முன்னாடி தோள் குடுக்கணும்."

அந்த எதிர் வீட்டுப் பையன் செய்துகொண்டது லேசிக். கருவிழியின் மேல் அடுக்கை ஒரு ஏடு மாதிரி திருப்பி, அடியில் லேசரால் செதுக்கி, ஏட்டைத் திரும்ப மூடிவிடுவது. வலி குறைவு. மறுநாளே தெளிவாகத் தெரியும். எல்லோரும் கேட்பது அதைத்தான். டாக்டர் கண்ணாடியைத் துடைத்தார்.

"எப்படித் தூக்குவீங்க? செஞ்சு காட்டுங்க."

பல்லக்குக்கு எங்கே போவது? எலக்ட்ரீஷியன் விட்டுப்போயிருந்த மூங்கில் ஏணி தாழ்வாரத்தில் சாய்ந்திருந்தது. டாக்டர் அதைக் கொண்டுவரச் சொன்னார். முன்னால் வரதனும் டாக்டரும், பின்னால் சம்பத்தும் வாட்ச்மேனும். சொட்டு மருந்து விட்டுக் கண்ணை மூடிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஜனங்கள் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தார்கள்.

சம்பத்துக்கு ஏணி என்பது மறந்துபோய்விட்டது. தாழ்ந்த குரலில் தாளம் சொன்னார். இரண்டு எட்டு முன்னே, ஒரு அசைவு, நிற்பது போல ஒரு தயக்கம், மறுபடி எட்டு. ஆஸ்பத்திரித் தாழ்வாரம் ஆடி அசைந்து போகிற மாதிரி இருந்தது. டாக்டரின் வெள்ளைக் கோட்டும் அந்த அசைவுக்கு அசைந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்ச நேரத்தில் அது நின்றுவிட்டது. நான் வாயைத் திறந்துகொண்டு பார்த்தேன்.

"தோள் மாத்து!" என்றார் சம்பத்.

வரதன் தலையைத் தாழ்த்தி, ஏணியை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு முகத்துக்கு முன்னால் ஒரே வீச்சில் கொண்டுபோனார். டாக்டரும் அதையே செய்யப் பார்த்தார். ஏணியின் கால் அவர் கன்னத்தில் உரசி, கண்ணாடி தெறித்துப் போய் வாட்ச்மேனின் காலடியில் விழுந்தது. நாங்கள் எல்லோரும் பதறினோம். அவர் மட்டும் கன்னத்தைத் தடவிக்கொண்டே சந்தோஷமாகச் சொன்னார்.

"பார்த்தீங்களா செலின்? இங்கதான் இடிக்குது."

பிறகு என் மேஜைக்கு வந்து உட்கார்ந்தார்கள். கருவிழியின் வரைபடத்தை நான் திரையில் போட்டேன். பச்சையும் மஞ்சளும் நீலமுமாக, ஆற்றுக்கு நடுவில் இருக்கும் தீவு மாதிரி அழகாக இருக்கும் அது. வரதன் தன் கண்ணின் படத்தை ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் விளக்கினார். லேசிக்கில் திருப்பி மூடிய ஏடு ஒட்டிக்கொள்ளும், ஆனால் பழையபடி உறுதியாக ஒருநாளும் ஆகாது. பலமாக அடிபட்டால் நகரலாம். மற்றவர்களுக்கு அடி எப்போதாவது படும். இவருக்கு ஒவ்வொரு புறப்பாட்டிலும் தண்டு கண்ணோரமாகப் போகிறது. அதோடு கருவிழியும் கொஞ்சம் மெல்லியது. ஏடு திருப்பாமல், சின்னத் துளை வழியாக உள்ளிருந்து ஒரு சீவல் எடுக்கும் முறை ஒன்று உண்டு. அதற்கும் இந்தத் தடிமன் மட்டுமட்டாகத்தான் இருக்கிறது. கருவிழியைத் தொடாமல் கண்ணுக்குள்ளேயே லென்ஸ் வைக்கலாம். அடி வாங்குகிற கண்ணுக்குள் ஒரு சாமானை வைக்க அவருக்கு மனசு வரவில்லை.

"மேலாப்புல பண்ணலாம்" என்றார். "பாலாடை மாதிரி மேல ஒரு மெல்லிசுத் தோல் இருக்கு. அதை வழிச்செடுத்துட்டு, அப்படியே மேல லேசர். அந்தத் தோல் தானா வளர்ந்துக்கும். ஏடு இல்ல, அதனால நகர ஒண்ணும் இல்ல. உங்களுக்கு இதுதான். ஆனா முதல் நாலஞ்சு நாள் நல்லா வலிக்கும். பார்வை தெளிய வாரக்கணக்காகும். இந்த ஏகாதசியை விட்டுடணும்."

சம்பத் எழுந்தே விட்டார். "ஏகாதசிக்கு இவன் நிக்கலைன்னா அந்தப் பிள்ளை நின்னுடுவான். அப்புறம் அந்த இடம் இவனுக்கு எப்போ திரும்பறது? எதிராத்துப் பையனுக்குப் பண்ணினதே போறும் டாக்டர்!"

"எதிர்வீட்டுப் பையன் என்ன பண்றான்?"

"கம்ப்யூட்டர்."

"கம்ப்யூட்டர் அவனை இடிக்காது ஐயா."

வரதன் அப்பாவைப் பார்க்கவில்லை. திரையிலிருந்த தீவைப் பார்த்தபடி, "ஒரு ஏகாதசிதானே அப்பா" என்றார். அந்தக் குரலில் எவ்வளவு ஏக்கம் இருந்தது என்பது பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியும்.

மார்கழி பிறந்ததும் செய்தோம். இருட்டில் என் கையைப் பிடித்திருந்த அந்த உள்ளங்கை மரக்கட்டை மாதிரி காய்த்திருந்தது. தோல் ஆறும்வரை பாதுகாப்பாக இருக்க, பவர் இல்லாத மெல்லிய லென்ஸை இரண்டு கண்ணிலும் வைத்து அனுப்பினார் டாக்டர். நான் வழக்கம்போல் எல்லாம் சொன்னேன். கண்ணில் தண்ணீர் படக்கூடாது, தலைக்குக் குளிக்கக்கூடாது, கசக்கக்கூடாது, புகை ஆகாது, தூங்கும்போது மூடி போட்டுக்கொள்ள வேண்டும். சம்பத் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். எனக்கு அவர்கள்மேல் நம்பிக்கை இருந்தது. நியமம் தெரிந்த குடும்பம். சொன்னதை ஒரு இழை தவறாமல் செய்வார்கள்.

லென்ஸ் எடுக்க வந்த நாளில் வலது கண் கோவைப்பழமாக இருந்தது. லென்ஸைக் காணோம். டாக்டர் மைக்ராஸ்கோப்பில் குனிந்தவர் நிமிரவே இல்லை.  கருவிழியின் ஓரமாக ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. கிருமி இறங்கியிருக்கிறது. அது நடுவுக்குப் படர்ந்தால் தழும்பு விழும். தழும்பு விழுந்தால் தரை மட்டும் இல்லை, எதுவுமே அந்தக் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாது.

"தண்ணி பட்டுச்சா?"

"இல்லை சார்."

"கசக்கினீங்களா?"

"சத்தியமா இல்லை சார்."

"தலையில ஒரு சொட்டு ஜலம் விடலை" என்றார் சம்பத். "நானே பாத்துண்டேன்."

டாக்டர் ஸ்டூலை இழுத்து வரதனுக்கு எதிரில் போட்டுக்கொண்டார். "காலைல எழுந்ததுலேர்ந்து என்ன பண்றீங்கன்னு செஞ்சு காட்டுங்க. வாயால சொல்ல வேண்டாம்."

வரதன் காற்றில் பல் தேய்த்தார். ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துக்கொண்டார். வீட்டுப் பெருமாள் முன் விழுந்து சேவிப்பதைக் கைகூப்பிக் காட்டினார். பிறகு வலக்கையைக் குழித்து நீட்டினார். அதில் அப்பா தீர்த்தம் விடுவது எங்கள் கண்ணுக்கே தெரிந்தது. உறிஞ்சிக் குடித்தார். மீதமிருந்த ஈரத்தோடு அந்தக் கை தானாக மேலே போய் இரண்டு கண்ணிலும் ஒற்றி, உச்சந்தலைக்குப் போகும் வழியில் நின்றுவிட்டது.  வரதனின் கை அந்தரத்திலேயே நின்றது.

சம்பத்தான் பேசினார். "தீர்த்தம் ஜலமா டாக்டர்?"

கோபமாகக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. தண்ணீர் படக்கூடாது என்று நாங்கள் சொன்னபோது குழாய்த் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் அவர்கள் மனதில் வந்தன. தீர்த்தம் அந்த வரிசையில் வரவே இல்லை. எனக்கு அது சட்டென்று விளங்கிவிட்டது. நாங்களும் மாதா கோயில் வாசலில் வைத்திருக்கும் தீர்த்தத்தைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டுதான் உள்ளே போவோம். அதைத் தண்ணீர் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

"தீர்த்தத்தைப் பத்தி நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன் ஐயா" என்றார் டாக்டர். "விரலைப் பத்தித்தான் சொல்றேன். விரல் பட்டு லென்ஸ் வெளிய வந்திருக்கு. தொழுகைக்கு ஒளு செய்றப்ப முகத்துல தண்ணி விடக்கூடாதுன்னு எங்க ஆளுங்ககிட்ட நான் முன்னாடியே சொல்லிடுவேன். இது எனக்குத் தோணலை."

அன்றைக்கே வார்டில் சேர்த்தோம். புள்ளியைச் சுரண்டிப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, மணிக்கொரு தரம் சொட்டு மருந்து. சம்பத் தாழ்வாரத்து பெஞ்சில் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தால் ஒன்றும் கேட்க மாட்டார், எழுந்து நிற்பார். அந்த எழுந்து நிற்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. முப்பது வயது ஆகாத பிள்ளையின் கண், அவர் கையாலேயே விட்ட தீர்த்தம். அவர் மனசு என்ன பாடுபட்டிருக்கும்?

கோயிலில் பகல்பத்து உற்சவம் தொடங்கிவிட்டது. ஒரு காலை நான் மருந்து விடப்போனபோது வரதன் இரண்டு கண்ணையும் மூடிப் படுத்திருந்தார். போர்வைக்கு அடியில் பாதங்கள் அசைந்துகொண்டிருந்தன. இரண்டு எட்டு, ஒரு அசைவு, ஒரு தயக்கம்.

"இப்போ புறப்பாடு ஆகியிருக்கும் மேடம்" என்றார் கண்ணைத் திறக்காமலே. "சித்தப்பா பிள்ளை நிக்கறான். நன்னாத்தான் நிப்பான். அவன் கண்ணு நல்ல கண்ணு."

 மருந்தை விட்டுவிட்டு, அந்தப் பாதங்கள் நிற்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். வெளியே பனி விலகாத வெளிச்சம். அந்த வார்டு முழுக்க எதையோ சுமந்துகொண்டு மெல்ல நகர்கிற மாதிரி எனக்கு ஒரு பிரமை.

புள்ளி படரவில்லை. ஒருநாள் டாக்டர் மைக்ராஸ்கோப்பிலிருந்து நிமிர்ந்து கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஓரத்தில் கடுகு அளவு தழும்போடு நின்றுவிட்டது, பார்வைக்கு நேராக இல்லை. சம்பத் டாக்டரின் கையைப் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டார். "கையைக் கழுவிட்டீங்களா ஐயா?" என்றார் டாக்டர். அதன் பிறகுதான் அந்த மனிதர் சிரித்தார், கூடவே அழுதார்.

அப்புறம் எல்லாம் பொறுமையின் கதை. காலையில் தெளியும், மாலையில் மங்கும். தை மாதம் போர்டில் பாதி வரை படித்தார். மாசியில் கடைசிக்கு முந்தைய வரி. வெயிலில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வெறும் தண்டை வைத்துப் பழகினார் என்று சம்பத் சொன்னார். கூடச் சுமப்பவர்கள் பங்குனி உற்சவத்தில் ஒரு காலைப் புறப்பாட்டுக்கு மட்டும் முன் தண்டில் நிறுத்திப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அன்றைக்குச் சரியாக நடந்தால் இடம் அவருக்கு. கால் இடறினால் அதோடு முடிந்தது.

நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியபோது ஆறு மணலும் வெளிச்சமுமாகக் கிடந்தது. சித்திரை வீதியில் ஒரு வளையல் கடை ஓரமாக இடம் பிடித்தேன். சின்னக் கோலங்கள், மாவிலை, நீர் தெளித்த தரை. தெருக்கோடியில் முதலில் நாதஸ்வரம் வந்தது, பிறகு குடை, பிறகு ஒரு பொன்னிற அசைவு. ஜனங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் முகத்தைத் தூக்கினார்கள். பல்லக்கு தெருவின் மேல் மிதந்து வருவது போலத்தான் இருந்தது. கீழே அத்தனை கால்கள் இருப்பதே தெரியவில்லை. முன் தண்டில் வரதன். மடியில் கண்ணாடி இல்லை. கடைக்கு முன்னால் சாக்கடை மூடிக் கல் ஒன்று எழும்பி நின்றது.  "கல்லு, கல்லு" என்று குரல் கொடுத்துக்கொண்டே அவர் அதைத் தாண்டினார். பின்னால் வந்த அத்தனை பேரும் தாண்டினார்கள். பல்லக்கு ஒரு விரற்கடை கூடச் சாயவில்லை. எனக்குக் கண்ணீர் வழிந்தது.

மண்டகப்படியில் பல்லக்கை இறக்கினார்கள். வியர்வை சொட்டச் சொட்ட வரதன் என்னைத் தேடி வந்தார். முழங்கையைத் தூக்கி நெற்றியைத் துடைத்தார், கண்ணை விட்டுவிட்டு.

"வளையல் கடை ஓரமா நின்னேளே மேடம், கோடிலேர்ந்தே தெரிஞ்சுது. இடம் எனக்குன்னுட்டா!"

"ரொம்ப சந்தோஷம் தம்பி" என்றேன். 

அவர் போகாமல் நின்றார். 

"தோள் குடுத்து ஏளப்பண்றவாளுக்குப் பெருமாள் தெரிய மாட்டார் மேடம். அவர் பின்னாடி, மேலே. முன்னாடி இருந்ததெல்லாம் எனக்கு இத்தனை வருஷமா ஒரே புகை. இன்னிக்குத்தான் பாத்தேன். ஜனங்க முகம். ஒவ்வொருத்தரா, அவர் கிட்டக்க வர வர, அந்த முகம் எப்படி ஆயிடறது தெரியுமோ? சண்டைக்காரன், கடன்காரன், குழந்தை, எல்லாரும் ஒரே மாதிரி. அப்பா இதை ஒருநாளும் என்கிட்ட சொன்னதே இல்லையே."

அவர் கண்கள் நனைந்திருந்தன. அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

"உங்க முகமும் அப்படித்தான் இருந்தது மேடம். எங்க பெருமாளை நீங்க சேவிச்சதைப் பாத்தப்போதான் எனக்குக் கண்ணு நெறைஞ்சுது."

யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். தோள் துணியைச் சரிசெய்துகொண்டு ஓடிப்போனார். பல்லக்கு கிட்டே வந்ததிலிருந்து நான் மேலே பெருமாளைப் பார்க்கவே இல்லை, கடைசி வரைக்கும் தண்டுக்குக் கீழே வரதனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.